மூன்று சுழி

நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தினால்தான்
எனக்கு வியாபாரம்.
பஸ்ஸிலிருந்து இறங்கி வருவார்கள்.
ஆதார் நகல், சிட்டா அடங்கல்,
பத்திரிகையில் சித்தப்பா பேர் விட்டுப்போச்சு, சேர்க்கணும்.

பக்கிரிசாமி சார் மட்டும்
கேட் திறந்திருக்கும்போது வருவார்.
ஹவில்தார், ஸ்டோர்.
ரேஷன் கணக்கு எழுதும் நீள நோட்டு நாலு.
பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய், படம் இருந்தால் கூட என்றேன்.
படம் ஒன்றும் இல்லை என்றார்.

மண்ணெண்ணெய் எத்தனை பீப்பாய் ஏறியது,
எத்தனை வந்து சேர்ந்தது.
கல்லாகிப்போன முட்டையைச் சுத்தியலால் உடைப்பது.
அந்த உயரத்தில் அரிசிக்கு எத்தனை விசில்.
கையுறை கழற்றாமல் கடிதம் மடிக்கும் விதம்.
பூதலூர்ப் பையன் ஒருவன்
தூக்கத்தில் மாடு ஓட்டியது.
சண்டை வரும், வரும் என்று
அடித்துக்கொண்டே போனேன்.
மூன்றாவது நோட்டும் முடிந்துவிட்டது.

மார்கழியில் கொல்லைப் பரங்கி இலையில் நிற்குமே,
அவ்வளவுதான் எனக்குப் பனி.
அதனால்தானோ என்னவோ
நாலாவது நோட்டில்
'கலியபெருமாள் பனியில் இறந்தான்' என்றிருந்ததை
'பணியில் இறந்தான்' என்று திருத்தினேன்.
பிழை பார்ப்பதற்கும் சேர்த்துத்தானே காசு.

புரூப் திரும்பி வந்தது.
அந்த ண-வைச் சிவப்பு மையில் வளைத்து
ஓரத்தில் எழுதியிருந்தார்:
சுழி ஒன்று கூடுதல்.

அடித்த பக்கங்களை
அன்றைக்குத்தான் படித்தேன்.
கூடாரத்தை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது,
அது உத்தரவு.
கயிற்றில் பக்கிரிசாமியின் காலுறை காய்ந்தது.
இருடா எடுத்துட்டு வரேன் என்று
கலியபெருமாள் போனான்.
சரிவு இறங்கிய சத்தம்
நெல்லு மூட்டை சாய்கிற மாதிரி இருந்ததாம்.
விசாரணையில் கேட்டார்கள்,
யார் சொல்லிப் போனான்?
நான்தான், பீப்பாய் எண்ண அனுப்பினேன்.
கையெழுத்துப் போட்டார்.
தாளில் ஏறியது, பணியில் என்று.

ஒவ்வொரு நவம்பரும்
வாழ்நாள் சான்றிதழுக்கு நகலெடுப்பார், இரண்டு பேருக்கு.
ஒன்று அவருடையது.
இன்னொன்று க. சுந்தராம்பாள், தலைஞாயிறு.
அக்கா போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மூணாறு தலைப்பில்
தண்ணீர் பிரிகிற இடத்தில் சுழி பார்த்திருக்கிறேன்.
ஒரே இடத்தில்தான் நிற்கும்.
வந்த தண்ணீர்தான் போய்க்கொண்டே இருக்கும்.

நூற்று அறுபத்து மூன்று பக்கம் வந்தது.
தஞ்சாவூர் அச்சகத்தில் சொன்னார்கள்,
பாரத்துக்குப் பதினாறு.
மூன்றைக் குறையுங்கள், இல்லை பதின்மூன்றைக் கூட்டுங்கள்.
முட்டையை எடுப்பார் என்று நினைத்தேன்.
மெடல் வாங்கியதற்கே இரண்டரைப் பக்கம் இருக்கிறது.

அன்று கேட் சாத்தியிருந்தது.
சரக்கு வண்டி, அறுபது பெட்டியாவது இருக்கும்.
கடைசிப் பெட்டி போகும்வரை பேசவில்லை.
"அந்த மூணை எடுத்துருங்க."
எதை என்று நான் கேட்கவில்லை.
"அப்போ அந்தச் சுழி, சார்?"
"நீங்க போட்டது இருக்கட்டும்."

எடுத்த மூன்று பக்கம்
என் கம்ப்யூட்டரில் கிடக்கிறது.
பேர் வைக்கவில்லை. அதுவாக
'பெயரிடாதது 7' என்று வைத்துக்கொண்டது.

முந்நூறு பிரதி.
இரண்டு கட்டு இன்னும் ஸ்டூலுக்கடியில்.
நேற்று மன்னார்குடி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர்,
ஜெராக்ஸ் சூடு ஆறுவதற்குள்
ஒன்றை எடுத்துப் புரட்டினார்.
மிலிட்டரிக்காரர் எழுதினதா?
ஆமாம்.
சண்டை எந்தப் பக்கத்துல வருது?
நூற்று நாற்பத்தொன்று என்று சொல்ல
வாய் எடுத்தேன்.

கேட் திறந்துவிட்டது.
இரண்டு ரூபாயை வைத்துவிட்டு
ஓடினார்.